ஹோஸைக் காயப்போட்ட பிறகு: நெல்லைத் தீயணைப்பு நிலையங்களுக்கு ஒரு மனநலக் கையேடு

வண்டி நிலையத்துக்குத் திரும்பியதும் ஹோஸைக் கழுவிக் காயப்போடுகிறோம். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து நூல் நைந்துபோகும், அடுத்த அழைப்பில் அழுத்தம் ஏறும்போது கிழியும். பிஏ செட்டில் (புகைக்குள் போகும்போது முதுகில் மாட்டும் மூச்சுக்காற்றுக் கருவி) சிலிண்டரை மாற்றி, முகமூடியைத் துடைத்து, பிரஷர் கேஜைப் பார்த்து எழுதி வைக்கிறோம். அந்த ஹோஸைப் பிடித்திருந்த ஆளுக்கு மட்டும் இப்படி ஒரு வேலை வரிசை பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

நெல்லைச் சீமையில் அழைப்பு என்றால் தீ மட்டுமில்லை. தோட்டத்துக் கிணறு, தாமிரபரணிப் படித்துறை, நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் நான்குவழிச் சாலை, கல்குவாரி, வெள்ளம் என்று எதற்கும் வண்டி போக வேண்டும். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்தபோது மீட்பு நாள்கணக்கில் நீண்டது. 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில், மீட்கப் போனவர்களின் ஊரும் உறவும் அதே தண்ணீருக்குள்தான் இருந்தன. எரிகிற தீயைவிட, உயிரில்லாமல் தூக்கி வந்த உடல்தான் மனசில் அதிக நாள் தங்கும்.

துக்கத்தை ஆற்ற இந்தப் பக்கத்தில் ஒரு சொல் உண்டு: "சவத்த விடுல." போனது போகட்டும், விட்டுத்தள்ளு என்று அர்த்தம். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் கிணற்றிலிருந்து ஒரு பிள்ளையைத் தோளில் போட்டு ஏறி வந்தவனிடம் அந்தச் சொல் பேச்சை அடைத்துவிடுகிறது. அதே ஊரில்தான் துட்டி கேட்கும், அதாவது சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்கும் வழக்கமும் இருக்கிறது. போவோம், பக்கத்தில் உட்காருவோம், அவர்களாகப் பேசினால் கேட்போம், பேசாவிட்டால் சும்மா இருந்துவிட்டு எழுந்து வருவோம். நிலையத்துக்கு வேண்டியது இந்தத் துட்டி வழக்கம்.

சம்பவ இடத்தில்

கயிறு இழுக்க நாலு பேர் வேண்டும். முகத்தைப் பார்க்க நாலு பேர் வேண்டாம். உடலை எடுக்கும் இடத்தில் பொறுப்பில் இருப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். விரிப்பைக் கிணற்றுத் திட்டில் முன்கூட்டியே விரித்துவைத்து, உடல் மேலே வந்ததும் மூடிவிட வேண்டும். இறந்தது குழந்தை என்றால், வீட்டில் அதே வயதுப் பிள்ளை இருக்கும் ஆளை இறக்காமல் கயிற்றுப் பக்கம் நிறுத்துங்கள். பணிக்கு வந்து சில மாதமே ஆனவரை முதல் தடவையே தனியாக இறக்கக் கூடாது. முன்னே அனுபவம் உள்ளவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். என்ன பார்க்கப் போகிறோம் என்பதையும் இறங்கும் முன்னால் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்: "ரெண்டு நாள் ஆன உடம்பு, ஊதியிருக்கும், தோல் கையோட வரும், கையுறையைக் கழற்றாத." எதிர்பாராமல் பார்ப்பதைவிட எதிர்பார்த்துப் பார்ப்பதை மனசு தாங்கும்.

சாலை விபத்தில் நசுங்கிய வண்டிக்குள் ஒரு போன் விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். திரையில் 'அம்மா' என்று ஒளிரும். அதை எடுக்காதீர்கள், படிக்காதீர்கள். பர்ஸைத் திறப்பதும் குடும்பப் படத்தைப் பார்ப்பதும் காவல்துறையின் வேலை. உடலைத் தூக்கியதுகூட ஒரு நாள் மங்கலாம். அந்த ஒரு சொல் பல வருடம் கழித்து, தன் சொந்த போன் அடிக்கும்போது திரும்ப வரும். இறந்தவரின் வாழ்க்கையைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ, அவ்வளவு நல்லது.

அழுகிய உடல் வாடைக்கு மூக்கில் தைலம் தடவும் பழக்கம் இருக்கிறது. அது வேண்டாம். மணமும் நினைவும் மூளைக்குள் ஒட்டி ஒட்டிப் பதிகின்றன. இன்றைக்குத் தடவிய தைலத்தை நாளை வீட்டில் பிள்ளைக்குச் சளி பிடித்துத் தடவும்போது கிணறுதான் நினைவுக்கு வரும். வீட்டில் போடும் பவுடர், சென்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நல்ல முகக்கவசம் கட்டி, வாயால் மூச்சு விட்டு, வேலையைச் சுருக்கமாக முடித்து, தள்ளி வந்து காற்று வாங்குங்கள்.

குவாரி, வெள்ளம் போல நாள்கணக்கில் நீளும் மீட்பில் ஆள் மாற்றும் நேரத்தை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். "எனக்கு ஒண்ணுமில்ல, நானே பாத்துக்கிடுதேன்" என்று மாற மறுப்பவரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

திரும்பும் வழியும் முதல் மணி நேரமும்

வண்டியில் உட்கார்ந்ததும் கை நடுங்குவதும், நெஞ்சு அடிப்பதும், காது அடைத்தது போல இருப்பதும் பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. உடம்பு இன்னும் வேலையிலிருந்து இறங்கவில்லை, அவ்வளவுதான். மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் முக்கியம். அப்போதுதான் இதயத் துடிப்பு தணியும். பலர் தப்பு செய்வது, 'ஆழமாக' என்று நினைத்து வேகவேகமாகப் பெரிய மூச்சு இழுப்பதில். அப்படிச் செய்தால் விரல் மரத்துத் தலை சுற்றும், பதற்றமும் கூடும்.

நிலையத்தில் முதலில் உபகரணம், அடுத்து குளியல், பிறகு சாப்பாடு, கடைசியில் டீ. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம். அந்தப் பழக்கத்தை இங்கேயும் முழு மனசோடு செய்யுங்கள். சம்பவத்தில் போட்டிருந்த உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நிலையத்திலேயே துவைத்துவிடுங்கள். இந்த வேலை இதோடு முடிந்தது என்று உடம்புக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி நமக்கு இல்லை.

டீ குடிக்கும் பதினைந்து நிமிடத்தில் வேலையைப் பற்றிப் பேசலாம்: என்ன நடந்தது, எது சரியாக நடந்தது, அடுத்த முறை எதை மாற்றலாம். அதற்கு மேல் யாரையும் கிண்டக் கூடாது. 'என்ன பார்த்த, எப்படி இருந்துச்சு, முழுசாச் சொல்லு' என்று எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துக் கட்டாயமாகப் பேசவைக்கும் முறை ஒரு காலத்தில் பல நாட்டுத் தீயணைப்புத் துறைகளில் இருந்தது. அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கூட்டவும் செய்தது என்று தெரிந்த பிறகு உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. பேச நினைப்பவர் பேசட்டும். பேசாதவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். நிலைய அலுவலர் முதல் ஐந்து நிமிடம் இருந்து, செய்த வேலைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போவது நல்லது. அதிகாரி முன்னால் யாரும் அழ மாட்டார்கள்.

சம்பவ வீடியோ வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். திறக்காதீர்கள். நேரில் பார்த்ததன் மேல் அது இன்னொரு படத்தையும் ஒட்டிவிடும்.

விசாரிக்கும் நாட்களைக் காலண்டரில் குறித்துவையுங்கள்: மூன்றாம் நாள், இரண்டு வாரம், நாலு வாரம். 'நல்லா இருக்கியா?' என்றால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்றுதான் பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். அளக்கக்கூடியதைக் கேளுங்கள். "ஏலே, நேத்து எத்தன மணிக்குக் கண்ணு மூடுன?" பெரியவரிடம் என்றால், "அண்ணே, ராத்திரி சாப்பிட்டீயளா? இடையில முழிப்பு வருதா?" இந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொல்ல மெனக்கெட மாட்டார்கள்.

தூக்கமும் சரக்கும்

முதல் சில இரவுகள் தூக்கம் கெடுவது இயல்பு. அதற்குத் தனியாக மருந்து வேண்டாம். ராத்திரிப் பணி இருந்தால் மதியத்துக்கு மேல் ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்து போங்கள். பணிக்கு நடுவே என்றால் இருபது நிமிடம் போதும். அதைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பப்பட்டால் பதினைந்து முதல் முப்பது நிமிடம் வரை புத்தி தெளியாது. அந்த நிலையில் வண்டி ஓட்டக் கூடாது. காபியில் இருக்கும் கஃபீன் பாதி குறையவே ஐந்தாறு மணி நேரமாகும். ஆகவே மதியம் இரண்டு மணிக்கு மேல் காபித்தூள் போடாத சுக்குக் காபிக்கு மாறிக்கொள்ளுங்கள். கருப்பட்டி, சுக்கு, மல்லி போட்டு நம் வீடுகளில் வைப்பதுதான்.

படுத்து அரை மணி நேரமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து, மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான வேலை எதையாவது செய்யுங்கள். கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். புரண்டுகொண்டே கிடந்தால் கட்டிலே விழிப்பை வரவழைக்கும் இடமாகிவிடும்.

ஒரே கெட்ட கனவு வாரக்கணக்கில் வந்தால் அதை எழுதுங்கள். எழுதியபின் முடிவை மாற்றி எழுதுங்கள். கிணற்றில் கயிறு அறுவதாகக் கனவு வந்தால், கயிறு தாங்குகிறது, மேலே வெயில் அடிக்கிறது, யாரோ தண்ணீர்ச் செம்பு நீட்டுகிறார்கள் என்று எழுதுங்கள். அது நம்பும்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பகலில் பத்து முதல் இருபது நிமிடம் கண்ணை மூடி அந்தப் புதிய முடிவை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பழையதை ஓட்டக் கூடாது. சில வாரம் விடாமல் செய்தால் பலருக்குக் கனவு குறைகிறது.

டாஸ்மாக் சரக்கு சீக்கிரம் தூங்கவைக்கும் என்பது உண்மை. ஆனால் ராத்திரியின் பின்பாதியில் தூக்கத்தைக் கிழித்துவிடும். கனவு வரும் தூக்கத்தை முதலில் அமுக்கி, பிறகு மொத்தமாகத் திருப்பிவிடும். மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சம்பவத்தோடு இந்தக் கட்டிங்கும்தான். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் தானாக நிறுத்தவும் கூடாது. ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் கை நடுக்கம், காய்ச்சல், இல்லாததைப் பார்த்துப் பேசும் குழப்பம் வந்தால் அது உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி. நிறுத்த நினைப்பது நல்ல முடிவு. அதை மருத்துவர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

'அஞ்சு நிமிஷம் முன்னால போயிருந்தா'

இந்தப் பணியில் இருப்பவர்களைத் தூங்கவிடாத வாக்கியம் இது. 'உன் மேல தப்பில்ல' என்று நூறு பேர் சொன்னாலும் இறங்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இறங்கும். ஒரு தாளை எடுத்து நேரவாரியாக எழுதுங்கள். உதாரணத்துக்கு:

4.10 – பையன் கிணற்றில் விழுந்தான் என்று பார்த்தவர் சொன்னது
4.25 வரை – ஊர்க்காரர்கள் இறங்கித் தேடியது
4.35 – நிலையத்துக்கு அழைப்பு
4.36 – வண்டி புறப்பட்டது
4.54 – 12 கிலோமீட்டர் கிராமச் சாலையில் போய்ச் சேர்ந்தது

மூச்சு நின்றபின் நாலிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் மூளைக்குச் சேதம் தொடங்கிவிடும். போன் மணி அடித்தபோதே இருபத்தைந்து நிமிடம் கடந்திருந்தது. வண்டி பறந்து போயிருந்தாலும் கதை மாறியிருக்காது. இந்தத் தாளை வாட்ச் ரூம் (நிலையத்தில் அழைப்பை வாங்கிக் குறிக்கும் அறை) பதிவைப் பார்த்து எழுத வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதினால் குற்றவுணர்ச்சி நேரத்தைத் தனக்குப் பிடித்தபடி மாற்றி எழுதும்.

சில சமயம் தாளில் உண்மையான குறையும் தெரியும். கயிறு பத்தடி குறைந்தது, விளக்கில் சார்ஜ் இல்லை. அதை மறைக்காதீர்கள். அடுத்த வாரப் பயிற்சியில் சேர்த்து, வண்டிச் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியாக எழுதுங்கள். சரி செய்ய ஒரு வேலை கிடைத்தால் குற்றவுணர்ச்சி பாடமாக மாறும், இல்லையென்றால் அது ஆளைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஆற்றங்கரைக்குத் திரும்புவது

ஒதுங்கிப் போவதுதான் பாதிப்பை நீட்டிக்கொண்டே போகிறது. குறுக்குத்துறையில் ஒரு சடலத்தை எடுத்தவர் அதன் பிறகு அந்தப் படித்துறைக்குப் போவதில்லை. பிறகு ஆற்றுக்கே போவதில்லை. பிறகு பிள்ளைகளையும் விடுவதில்லை. சுற்று வழியில் பைக் ஓட்டத் தொடங்குகிறார். ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும் மனசுக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி.

திரும்பி வருவதைப் படிப்படியாகச் செய்யுங்கள். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, மூன்றில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள். முதலில் நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்பது. அது பழகியதும் வேறொரு படித்துறையில் மேல்படியில் உட்காருவது. அடுத்து கால் நனைப்பது, முட்டளவுத் தண்ணீரில் நிற்பது. அதன் பிறகு குறுக்குத்துறை மண்டபப் பக்கம் பகலில் நண்பரோடு போவது. கடைசியாக அங்கே ஒரு முங்கு.

ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும் வரை அங்கேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம் பிடிக்கும். உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடினால், 'ஓடினதால்தான் தப்பித்தோம்' என்று மனசு கற்றுக்கொள்ளும், மறுநாள் பயம் இன்னும் கூடும். ஒரே படியை மூன்று நாள் செய்து, இரண்டுக்கு இறங்கிய பிறகே அடுத்ததுக்குப் போங்கள். குடித்துவிட்டுப் போனால் பலனில்லை, தண்ணீர்ப் பக்கம் என்பதால் ஆபத்தும் கூட. வெள்ளம் வரும் நாளில் இதெல்லாம் கூடாது. அங்கே நின்றபோது சுற்றி இருப்பதே மறந்து அந்தச் சம்பவத்துக்குள்ளேயே போய்விடுகிறீர்கள் என்றால் தனியாகத் தொடராமல் மனநல மருத்துவரோடு செய்யுங்கள்.

விசில் அடித்தால் வெளியே

பிஏ செட்டில் காற்றழுத்தம் ஏறக்குறைய 55 பாருக்கு இறங்கியதும் எச்சரிக்கை விசில் அடிக்கும். காற்று இன்னும் இருக்கிறது, மூச்சும் வருகிறது. ஆனாலும் அதோடு வேலையை விட்டு வெளியே வருகிறோம். 'இன்னும் முடியுது' என்று யாரும் உள்ளே நிற்பதில்லை. மனசுக்கான விசில் ஒரு மாதம். முதல் மாதத்தில் கனவு, திடுக்கிடல், எரிச்சல் எல்லாம் வரும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகத் தணிந்துவிடும். ஒரு மாதம் ஆனபிறகும் கீழே உள்ள ஐந்தில் மூன்றுக்கு 'ஆமாம்' என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சம்பவம் கனவிலோ, வேண்டாதபோது நினைவிலோ வருகிறதா? அதை நினைக்காமலிருக்க மெனக்கெடுகிறீர்களா, அதை நினைவூட்டும் இடத்தைத் தவிர்க்கிறீர்களா? எந்நேரமும் காவலாக, சின்னச் சத்தத்துக்கும் துள்ளிக்கொண்டு இருக்கிறீர்களா? ஆட்களிடமிருந்தும் பிடித்த வேலையிலிருந்தும் விலகி மரத்துப்போனது போல இருக்கிறதா? நடந்ததற்கு உங்களையோ வேறு யாரையோ குறை சொல்வதை நிறுத்த முடியவில்லையா?

ஒரே பெரிய சம்பவம் என்று ஒன்று இல்லாமலும் இது வரலாம். பதினைந்து வருடத்துக் கிணறுகள் சேர்ந்து ஒரு நாள் கரையை உடைக்கும்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறித்த நாளில் வருவார். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: சம்பவத் தேதி, எத்தனை மணி நேரத் தூக்கம், வாரத்துக்கு எத்தனை கெட்ட கனவு, எவ்வளவு குடி, பிரஷர், சுகர் மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா. அங்கே போய் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.

இந்தப் பாதிப்புக்கு முதல் சிகிச்சை, சம்பவத்தை மையமாக வைத்துப் பேசும் சிகிச்சை. பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு அமர்வு. மாத்திரை தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்றவற்றைத் தருவார்கள். அவை அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் பலன் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம், 'ஒத்துக்கல' என்று பலர் நிறுத்துவது அப்போதுதான். நன்றாக ஆனபிறகும் மருத்துவர் சொல்லும் வரை தொடர வேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையை மெடிக்கலில் யாரோ சொன்னார்கள் என்று வாங்கி விழுங்காதீர்கள். அது பழக்கமாகும், இந்தப் பாதிப்பைத் தீர்க்கவும் செய்யாது. குடியோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தலாம்.

'ரெக்கார்டுல ஏறிருமே' என்ற பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23-ன்படி சிகிச்சை விவரம் ரகசியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20-ன்படி பணிக்காலத்தில் மாற்றுத்திறன் ஏற்பட்டால் அதைக் காரணம் காட்டி அரசு ஊழியரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது.

வீட்டில்

மனைவியிடம் எல்லாவற்றையும் விவரிக்க வேண்டாம், முழுதாக மறைக்கவும் வேண்டாம். "இன்னைக்கு ஒரு கஷ்டமான அழைப்பு. எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். உன் மேல கோவமில்ல." இந்த மூன்று வரி போதும். இது இல்லாவிட்டால் அவர் அந்த மௌனத்துக்குத் தானே காரணம் தேடுவார்.

உயிர்போகும் பேச்சு வந்தால்

'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி' என்று பேசுவது, கடனையும் பத்திரத்தையும் திடீரென ஒழுங்கு செய்வது, பலநாள் வாடிக் கிடந்தவர் காரணமில்லாமல் அமைதியாவது. இவற்றைப் பார்த்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "அண்ணே, செத்துப் போயிரலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கனவே இருந்தால், ஒருவரிடமாவது சொல்ல முடிந்ததே என்று பாரம் இறங்கும். 'ஆமாம்' என்றால் புத்தி சொல்லாதீர்கள், தனியாக விடாதீர்கள். வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லாததே பல உயிரைக் காத்திருக்கிறது. அன்றே கூட்டிக்கொண்டு ஐகிரவுண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள், எந்நேரமானாலும்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. தமிழ்நாடு அரசின் 104-லும் மனநல ஆலோசனை உண்டு. இந்த இரண்டு எண்ணையும் வாட்ச் ரூம் போனுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். உடை மாற்றும் அறைக் கதவின் உள்பக்கமும் ஒன்று ஒட்டுங்கள், அங்கே நின்று யாரும் பார்க்காமல் போனில் குறித்துக்கொள்ளலாம்.